25 அடிக்கு மேல் ஏறாத தண்ணீர்

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். அங்கே கிணறு என்றால் ஆழக் கிணறுதான்; 80 அடி, 100 அடியெல்லாம் சர்வ சாதாரணம். சப்மெர்சிபிள் மோட்டார் பரவலாக வராத காலத்தில், கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்து அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்க வழியில்லை. அதனால் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை உட்கார வைப்பார்கள். கோடையில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரும் கூடவே இறங்க வேண்டும். சங்கிலி, கப்பி, வடக்கயிறு, நாலைந்து ஆட்கள் என்று அது ஒரு முழுநாள் வேலை.

என் அப்பா பம்ப் மெக்கானிக். பள்ளி விடுமுறையில் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவேன். ஒரு சித்திரை மாதம் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து கூட்டிப்போனார்.

"ஏனுங்க, மோட்டார் நல்லாத்தான் ஓடுது, தண்ணி மட்டும் வரமாட்டீங்குது. ஃபுட் வால்வு போயிருச்சுங்களா?"

அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. "வால்வெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும். தண்ணி கீழ போயிருச்சு. மேடைக்கும் தண்ணிக்கும் 25 அடிக்கு மேல ஆயிருச்சுங்க. மோட்டாரை எறக்கோணும்."

திரும்பி வரும்போது ஏன் 25 அடி என்று கேட்டேன். "அதுக்கு மேல உறிஞ்சாதுடா" என்றார். பெரிய மோட்டார் போட்டால்? "எந்த மோட்டார் போட்டாலும் உறிஞ்சாது." அவ்வளவுதான் பதில். அவருக்கு அது தெரியும். ஏன் என்பது அவருடைய வேலைக்குத் தேவைப்படவில்லை.

சில வருடம் கழித்துப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வாத்தியார் பாதரசக் குழாயைக் கிண்ணத்தில் கவிழ்த்துக் காட்டினார். பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. நோட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சையிலும் எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. அந்த 76 சென்டிமீட்டரும் அப்பாவின் 25 அடியும் ஒரே விஷயம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 76-ஐ 13.6-ஆல் பெருக்கினால் 10.3 மீட்டர், ஏறக்குறைய 34 அடி. குழாய் உராய்வு, வளைவு, வால்வு, சின்னச் சின்னக் காற்றுக் கசிவு எல்லாம் போக நடைமுறையில் நிற்பது 25 அடி. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆன பிறகு, நீராவி எந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில்.

தொழிற்புரட்சிக்கு விஞ்ஞானம் காரணமா, கைவினைஞர்கள் காரணமா என்று ஒரு பழைய வாதம் உண்டு. விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், தொழிலாளிகள் செய்தார்கள் என்பது ஒரு கட்சி. படிக்காத தச்சரும் கொல்லரும்தான் எல்லாம் செய்தார்கள், விஞ்ஞானம் பின்னாலிருந்து விளக்கம் சொன்னது என்பது மறு கட்சி. அப்பாவின் 25 அடியைக் கையில் வைத்துக்கொண்டு படித்ததால், எனக்கு இரண்டு கட்சியும் பாதிக் கதைதான் சொல்வதாகப் படுகிறது.

கதையின் தொடக்கமே பம்ப்தான். உறிஞ்சு பம்பு ஓர் அளவுக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்பது இத்தாலியில் கிணறு, சுரங்கம் தோண்டுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். 1638-ல் வெளியான தன் கடைசி நூலில் கலிலியோ இதைக் குறிப்பிடுகிறார். 18 முழத்துக்கு மேல் ஏறாது என்று. அவர் சொன்ன காரணம் சரியில்லை. கயிறு தன் பாரம் தாங்காமல் அறுவதுபோல நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த டாரிசெல்லிதான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். உள்ளிருந்து எதுவும் இழுக்கவில்லை, வெளியே இருக்கும் காற்று தள்ளுகிறது. 1644-ல் ரோமில் இருந்த நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்று எழுதினார். காற்றுக்கு எடை உண்டு, அந்த எடைக்கு ஈடாகும் அளவுக்குத்தான் தண்ணீர் ஏறும். எந்த மோட்டார் போட்டாலும் உறிஞ்சாது என்று அப்பா சொன்னதன் காரணம் இதுதான்.

அதன்பிறகு விஷயம் சூடுபிடித்தது. 1648-ல் பாஸ்கல் தன் அக்கா கணவரிடம் சொல்லி, பிரான்சின் ஒரு மலையுச்சிக்குப் பாதரசக் குழாயைத் தூக்கிப்போக வைத்தார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. ஜெர்மனியில் மக்டபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக், இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைக் கட்டி இழுக்க வைத்தார். படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய இன்னொரு சோதனை. ஒரு பெரிய சிலிண்டர், அதில் பிஸ்டன், பிஸ்டனில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஆட்கள். சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை எடுத்ததும் பிஸ்டன் கீழே இறங்கியது. அத்தனை பேரும் சேர்ந்து பிடித்தும் நிறுத்த முடியவில்லை. காற்றுக்கு எடை இருக்கிறது என்ற சேதி, காற்றை வைத்து வேலை வாங்கலாம் என்ற சேதியாக மாறிய இடம் அது.

சரி, சிலிண்டரைக் காலி செய்வது எப்படி? ஆள் வைத்துக் காற்றை எடுத்தால், எடுக்கிற உழைப்புக்கும் கிடைக்கிற வேலைக்கும் கட்டுப்படியாகாது. டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1690-ல் வழி சொன்னார். சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நீராவி நிரம்பும், குளிர்ந்தால் நீராவி மறுபடி தண்ணீராகி ஒரு மூலையில் ஒடுங்கிவிடும், மிச்சமெல்லாம் வெற்றிடம். கைக்கடக்கமான ஒரு சிலிண்டரில் செய்தும் காட்டினார். அதற்கு மேல் அவரால் அதைக் கொண்டுபோக முடியவில்லை.

இங்கிலாந்தில் அப்போது சுரங்கங்களில் தண்ணீர்தான் பெரிய தலைவலி. டெவன், கார்ன்வால் பக்கம் வெள்ளீயச் சுரங்கங்கள், நடு இங்கிலாந்திலும் வடக்கிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். மேலே இருப்பதைத் தோண்டி முடித்துவிட்டார்கள். ஆழம் போகப் போக ஊற்று. குதிரைகளைக் கட்டி இறைத்தார்கள், தீவனச் செலவு தாங்கவில்லை. தாமஸ் சேவரி 1698-ல் நெருப்பால் நீர் இறைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பிஸ்டன் கிடையாது. ஒரு கலத்தில் நீராவியை நிரப்பி, வெளியே குளிர்ந்த நீர் ஊற்றினால், உள்ளே வெற்றிடமாகித் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சும். பிறகு நீராவியின் அழுத்தத்தால் அதை மேலே தள்ள வேண்டும்.

சேவரியின் எந்திரம் உறிஞ்சுவதால், அதே எல்லை அதற்கும் உண்டு. ஆழமான சுரங்கத்தில் வைப்பதானால் எந்திரத்தை, கொதிகலனோடும் நெருப்போடும், சுரங்கத்துக்குள் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வைக்க வேண்டும். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். வடக்கயிற்றில் கட்டி மோட்டாரை இறக்கும் அப்பாவும், அந்தக் கால ஆங்கிலேயச் சுரங்கக்காரர்களும் ஒரே சுவரில் முட்டியிருக்கிறார்கள். தண்ணீரை மேலே தள்ளத் தேவைப்பட்ட அழுத்தத்தை அன்றைய கொதிகலனும் பற்றவைத்த மூட்டுகளும் தாங்கவில்லை என்பது தனிக் கதை.

அந்தச் சுவரைத் தாண்டியவர் தாமஸ் நியூகொமன். டெவனில் டார்ட்மத் என்ற துறைமுக ஊரில் இரும்புச் சாமான் வியாபாரி. சுரங்கங்களுக்குக் கருவிகள் செய்து விற்றவர். பாப்டிஸ்ட் சபையில் போதகராகவும் இருந்தார். பல்கலைக்கழகம் போனவரில்லை. பாப்பானின் கட்டுரையை அவர் படித்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் காற்றின் எடை என்ற செய்தி அதற்குள் கல்லூரிச் சுவருக்கு வெளியே வந்துவிட்டது. காற்றுப் பம்புச் சோதனைகள் பேச்சாகவும் படமாகவும் அரை நூற்றாண்டாக உலவிக்கொண்டிருந்தன. அந்த ஒரு செய்தி தெரியாதவர் இப்படியோர் எந்திரத்தைக் கட்ட முயன்றிருக்கவே மாட்டார் என்பது என் திடமான எண்ணம். பானையில் கொதிக்கும் தண்ணீர் மூடியைத் தள்ளுவதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். நியூகொமன் எந்திரத்தில் நீராவி எதையும் தள்ளுவதில்லை. நீராவியின் வேலை இடத்தை நிரப்புவது, பிறகு இல்லாமல் போவது. தள்ளுவது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று. இதை வெறுங்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

அதேசமயம், அந்தச் செய்தி தெரிந்திருந்தால் மட்டும் எந்திரம் ஓடிவிடாது. நியூகொமனும் கூட்டாளி ஜான் காலியும் பத்து வருடத்துக்குக் குறையாமல் அதோடு மல்லுக்கட்டினார்கள். முதலில் அவர்களும் சிலிண்டருக்கு வெளியே ஓர் உறை மாட்டி, அதில் குளிர்ந்த நீர் விட்டுத்தான் நீராவியைக் குளிர்வித்தார்கள். எந்திரம் மெதுவாக முனகிக்கொண்டு ஓடியது. பின்னாளில் இந்த எந்திரங்களில் வேலை செய்த மார்ட்டன் ட்ரீவால்ட் என்ற ஸ்வீடன்காரர் 1734-ல் எழுதி வைத்திருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. சிலிண்டர் வார்ப்பில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. அதை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார்கள். ஓட ஓடச் சூட்டில் பற்று உருகி விட்டுவிட்டது. உறையில் இருந்த குளிர்ந்த நீர் அந்த ஓட்டை வழியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சி அடித்தது. நீராவி முழுவதும் ஒரே கணத்தில் ஒடுங்கியது. பிஸ்டன் இறங்கிய வேகத்தில் சங்கிலி அறுந்தது. சிலிண்டரின் அடித்தட்டு நசுங்கியது. கொதிகலன் மூடியும் உடைந்து வெந்நீர் நாலாபக்கமும் ஓடியது. இத்தனை காலம் கண்ணுக்கு அகப்படாமல் இருந்த பலம் அப்போதுதான் அவர்கள் கண்முன் நின்றது.

அந்த ஓட்டையையே அவர்கள் வழியாக்கிக்கொண்டார்கள். அதுமுதல் குளிர்ந்த நீரைச் சிலிண்டருக்கு உள்ளேயே பீய்ச்சினார்கள். வேறு யாராவது இருந்தால் ஓட்டையை இன்னும் கெட்டியாக அடைத்திருப்பார். வெளியே உறையில் நீர் விட்டபோது மெதுவாக நடந்தது, உள்ளே நீர் போனதும் வெடித்ததுபோல நடந்தது, ஆகவே சூட்டை வாங்கும் வேகம்தான் இங்கே முக்கியம் என்று அந்தச் சேதத்தின் நடுவில் நின்றுகொண்டு புரிந்துகொள்ள, மனதுக்குள் ஏற்கெனவே ஒரு படம் இருக்க வேண்டும். அந்தப் படத்தை விஞ்ஞானம் கொடுத்திருந்தது. பற்று விட்டுப்போகும் அளவுக்கு எந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் பொறுமையைப் பட்டறை கொடுத்திருந்தது.

1712-ல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எந்திரம் நின்றது. சிலிண்டரின் விட்டம் 21 அங்குலம், உயரம் ஏறக்குறைய 8 அடி. நிமிடத்துக்கு 12 முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் 10 காலன் தண்ணீரை 153 அடி ஆழத்திலிருந்து தூக்கியது. குதிரைத் திறனில் சொன்னால் ஐந்தரை. இன்றைக்கு ஒரு நடுத்தரத் தோட்டத்து மோட்டார் அளவு. ஆனால் எந்திரம் நிலத்துக்கு மேலே நின்றது, பம்பின் பக்கெட் சுரங்கத்தின் அடியில் இருந்தது. கிணற்று ஏற்றம்போல ஒரு பெரிய மரத்துலாம் இரண்டையும் இணைத்தது. உறிஞ்சுவதை விட்டுவிட்டு அடியிலிருந்து தூக்கியதால் 25 அடிக் கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை.

அந்த எந்திரம் நிலக்கரியைத் தின்று தீர்த்தது. எரிபொருளில் இருந்த சக்தியில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. நிலக்கரிச் சுரங்க வாசலில் விலைபோகாத தூள்கரி மலைபோல் குவிந்து கிடந்த நாட்டில் மட்டுமே அப்படியோர் எந்திரம் பிழைத்திருக்க முடியும். பிரிட்டனில் ஏன் நடந்தது என்று கேட்பவர்களுக்கு நிலக்கரியையும் கூலி விலையையும் காட்டுபவர்கள் சொல்வது இதைத்தான், இதில் அவர்கள் சொல்வது சரி.

பஞ்சு எந்திரங்களின் கதையே வேறு. 1733-ல் ஜான் கே செய்த பறக்கும் நாடா, 1760-களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு எந்திரம், 1769-ல் ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டம் என்ற, நீர்விசையில் ஓடும் நூற்பு எந்திரம், இவற்றுக்கு எந்த விஞ்ஞானமும் தேவைப்படவில்லை. ஹார்கிரீவ்ஸ் நெசவாளி, ஆர்க்ரைட் முடி திருத்தி, பொய்முடி செய்து விற்றவர். அங்கே உந்துதல் நம் பக்கத்திலிருந்து போனது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன பருத்தித் துணி ஆங்கிலேயக் கம்பளிக்காரர்களை அவ்வளவு பயமுறுத்தியது. 1700-லும் 1721-லும் தடைச்சட்டம் போட்டார்கள். லங்காஷயரில் கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்குத் தாங்காது. பாவுக்கு ஆளிநூலும் ஊடைக்குப் பருத்தியும் போட்டு நெய்தார்கள். பாவுக்குத் தாங்கும் நூல் ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டத்தில்தான் வந்தது. நம் ஊர்ப் பெண்கள் ராட்டையில் எத்தனையோ தலைமுறையாக நூற்ற நூலுக்கு ஈடு செய்ய அவர்களுக்கு ஓர் எந்திரம் தேவைப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1742-ல் கேர்தூ என்ற சேசுசபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையின் சாயத்தொழிலை விவரித்துப் பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டு எழுதியது. கடுக்காயையும் எருமைப் பாலையும் கலந்து துணியை நனைப்பதிலிருந்து, படிகாரம் தடவுவது, சாயவேரில் காய்ச்சுவது வரை படிப்படியாக இருக்கிறது. அந்தச் சாயக்காரர்கள் கையில் இருந்தது அசலான ரசாயனம். அது கடிதமாகி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே அச்சாகி, படித்தவர்களும் பட்டறைக்காரர்களும் ஆராயும் பொருளானது. இங்கே அதே சாயக்காரரின் தொட்டிக்கும் ஓலையில் எழுதும் புலவரின் திண்ணைக்கும் நடுவே அப்படியொரு போக்குவரத்து நடக்கவில்லை. நம்மிடம் அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டு அறிவும் இருந்தன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பார்வை நடந்த இடத்துக்கு ஜேம்ஸ் வாட்டின் பட்டறையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கிளாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு கருவி செய்பவருக்கு அறை கொடுத்திருந்தார்கள். 1763 குளிர்காலத்தில் வகுப்பில் காட்டும் நியூகொமன் எந்திர மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. பழுது நீக்கியும் சில அடிகள் அடித்ததும் நின்றுவிட்டது. சின்னக் கொதிகலனின் நீராவி போதவில்லை. பழுதுபார்ப்பவர் வேலை அங்கே முடிந்துவிடும். வாட் அளக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த சிலிண்டரை மறுபடி சூடாக்கவே நீராவியில் பெரும்பங்கு வீணாகிறது என்று கண்டார். அளக்கும்போது இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு பங்கு நீரை நீராவியாக்கிக் குளிர்ந்த நீருக்குள் விட்டால், ஆறு பங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருகிறது. அவ்வளவு சூடு எங்கே ஒளிந்திருந்தது? திகைத்துப்போய் அதே வளாகத்தில் இருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் கேட்டார். பிளாக் அதை ஏற்கெனவே கண்டுபிடித்து, உள்ளுறை வெப்பம் என்று பாடமே நடத்திக்கொண்டிருந்தார்.

பிளாக்கின் கொள்கையிலிருந்துதான் தன் கண்டுபிடிப்பு வந்தது என்று பிறர் சொன்னபோது வாட் பின்னாளில் மறுத்தார். 1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ பசுந்திடலில் நடக்கும்போது, நீராவியை வேறொரு கலத்துக்குக் கொண்டுபோய்க் குளிர்வித்தால் சிலிண்டர் சூடாகவே இருக்குமே என்று தோன்றியது அவருக்குத்தான். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ஒரு மெக்கானிக் தன் சந்தேகத்தோடு நாலு எட்டு நடந்து ஒரு பேராசிரியரின் கதவைத் தட்ட முடிந்தது, அவரும் உட்கார வைத்துப் பேசினார் என்பதை விட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அப்புறமும் 11 வருடம் ஆனது. யோசனை சரி, சிலிண்டர் சரியில்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே நீராவி ஒழுகியது. பீரங்கிக் குழல் குடைய ஜான் வில்கின்சன் 1774-ல் ஒரு எந்திரம் செய்தார். சிலிண்டர் குடையவும் அந்த வழி உதவியது. அவர் குடைந்து கொடுத்த 50 அங்குல சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூட எங்கும் பிசகில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் மகிழ்ந்து எழுதினார். 1776-ல்தான் வாட்டின் எந்திரம் டிப்டன் சுரங்கத்தில் ஓடியது. கார்ன்வாலில் அவர்கள் கூலி வாங்கிய விதமும் பிடித்தது. நியூகொமன் எந்திரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நிலக்கரி மிச்சமோ அதில் மூன்றில் ஒரு பங்கு. அளந்து பார்க்கும் பழக்கம் அப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது வேலை இல்லை. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து பழைய சாமான்களைப் பிரித்துப் போடுவார். நியூகொமன் எந்திரத்தின் படத்தைப் போனில் காட்டி விளக்கினேன். சங்கிலி அறுந்த கதைக்குத் தலையை ஆட்டினார். அந்தக் காலத்தில் சிலிண்டரை உருண்டையாகக் குடைய முடியாதே, பிஸ்டன் எப்படிப் பிடித்தது என்று கேட்டார். தோல் வைத்திருந்தார்கள், அதற்கு மேல் தண்ணீர் நிற்க விட்டார்கள், இடுக்கெல்லாம் அந்தத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும் என்றேன்.

"நம்ம அடிபம்பு மாதிரியேதான்டா. தோல் வாசர் காஞ்சு போனா பிடிக்காது. மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா கப்புனு பிடிச்சுக்கும்." போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி, கீழ ஆவி இருக்குது. மேல நிக்கற தண்ணி சூடாயிருமே. அதை என்ன பண்ணுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் தேடிப் பார்த்துச் சொன்னேன். அந்த வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் ஒரு குழாய் வழியாகக் கொதிகலனுக்கு விட்டார்களாம்.

"அங்கதான் விடோணும்" என்றார் அப்பா.